அந்த டிக்கெட் படம் யாரை வரச் சொல்கிறது?

விழா அறிவித்தலில் 🎫 என்ற படத்தைப் போடுகிறவர், பக்கத்திலேயே காசு உண்டா இல்லையா என்பதை எழுத்தில் எழுதியே ஆக வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இதை ஏன் நீட்டி எழுதுகிறேன் என்றால், இலங்கையின் வடக்கில் உள்ள எங்கள் வன்னியில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வராமல் நின்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஏன் வரவில்லை என்று யாரும் போய்க் கேட்கவும் இல்லை. இந்த முறை சனம் குறைவு என்று ஏற்பாட்டாளர்கள் மட்டும் கவலைப்பட்டார்கள்.

முள்ளியவளைப் பக்கம் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், கடவுச்சீட்டுக்குப் படம், பள்ளிப் பிள்ளைகளின் செயற்திட்டங்களுக்கு அச்சு, இவை அன்றாட வேலை. சுற்றுவட்டாரத்து அறிவித்தல்களும் பெரும்பாலும் எங்கள் கணினியில்தான் தட்டெழுதப்படுகின்றன. கோயில் திருவிழா, விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி, முன்பள்ளி விளையாட்டு விழா, வாசிகசாலை ஆண்டு விழா, நாடகம், கூத்து என்று எல்லாம் வரும். முன்பு இவை தாளில் அச்சாகிச் சந்தியில் உள்ள மதில்களில் ஒட்டப்பட்டன. இப்போது தாள் கொஞ்சம், வட்ஸ்அப் அதிகம். வட்ஸ்அப்புக்குப் போனதும் அறிவித்தலுக்குள் சின்னப் படங்களும் வந்துவிட்டன. நாளைச் சொல்ல 📅, இடத்தைச் சொல்ல 📍, நேரத்தைச் சொல்ல ⏰. இந்த மூன்றையும் பார்த்து யாரும் குழம்பி நான் கண்டதில்லை. நான்காவதாக வருகிற டிக்கெட்டில்தான் கதையே மாறுகிறது.

டிக்கெட் படம் இரண்டு இருக்கிறது. 🎫 தனி டிக்கெட். 🎟️ இரண்டு டிக்கெட்டுகள் சேர்ந்தது, கண்காட்சி, திரையரங்கு, மைதானம் போன்ற இடங்களின் வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போகும் அனுமதிச் சீட்டு. இரண்டும் வெவ்வேறு வழியாக எங்கள் போனுக்கு வந்தவை. தனி டிக்கெட்டின் பிறப்பிடம் ஜப்பான். 1999இல் ஷிகெதகா குரிதா என்பவர் டொகோமோ நிறுவனத்தின் கைத்தொலைபேசிகளுக்காக 176 படங்களை வடிவமைத்தார். ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளி அளவு. வானிலை, ரயில், உணவுக்கடை என்று ஒரு நகரவாசிக்கு வேண்டிய தகவலைச் சிறிய திரையில் சுருக்கமாகக் காட்டுவதே நோக்கம். அந்தக் கூட்டத்தில் டிக்கெட்டும் இருந்தது. பிறகு 2010இல், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடின் 6.0 பதிப்பில் அதற்கு ஒரு நிரந்தர எண் கிடைத்தது. இரட்டை டிக்கெட்டுக்கு ஜப்பானோடு தொடர்பில்லை. மைக்ரோசொப்ட் 1997இல் வெளியிட்ட வெப்டிங்ஸ் என்ற பட எழுத்துருவில் அது இருந்தது. 2014இல் யூனிகோட் 7.0 அதைச் சேர்த்துக்கொண்டது. இப்போது இரண்டையும் நிகழ்வுகள் என்ற ஒரே உட்பிரிவில், கிறிஸ்மஸ் மரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

யூனிகோட் எண்ணையும் பெயரையும்தான் நிர்ணயிக்கிறது. படத்தை வரைவது அந்தந்த நிறுவனம். அதனால் அனுப்பியவரின் போனில் ஒரு நிறத்தில் இருக்கும் டிக்கெட், செய்தி கிடைத்தவரின் போனில் வேறு நிறத்தில், வேறு அலங்காரத்தோடு இருக்கலாம். மிகப் பழைய போன்களில் இரட்டை டிக்கெட் தெரியாமல் அந்த இடத்தில் வெறும் கட்டம் மட்டும் நிற்கவும் கூடும். எங்கள் ஊரில் பேரப்பிள்ளைகள் கழித்துவிட்ட போன்தான் தாத்தா பாட்டிகளிடம் போய்ச் சேருகிறது. அந்தக் கட்டம் அவர்கள் போனில்தான் அதிகம் தெரியும்.

சரி, இந்தப் படத்துக்கு இவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது? அதற்குக் காரணம் எங்கள் எழுத்துரு என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இலங்கையில் அச்சு வேலை செய்யும் கடைகளில் இன்றைக்கும் பாமினி எழுத்துரு உயிரோடு இருக்கிறது. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பழைய முறை. தாளில் அச்சடிக்க எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதில் தட்டிய அறிவித்தலை அப்படியே எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால், தமிழ் போய் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை வரும். தமிழுக்கு யூனிகோடில் 1991இலேயே, முதல் பதிப்பிலேயே இடம் இருந்தது. அந்த இடத்தைப் பயன்படுத்தாமல் விட்டதால், எமோஜி சிதையாமல் போய்ச்சேர, எங்கள் சொந்த எழுத்து வழியிலேயே உடைந்துபோகிறது. எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிற விஷயம்.

அதனால் கழகத்துப் பொடியங்கள் என்ன செய்கிறார்கள்? அறிவித்தலைப் படமாக்கி அனுப்புகிறார்கள். அந்தப் படத்தின் கீழே அவசரமாக ஒரு வரி தட்டி, கூடவே நாலு எமோஜி. டேட்டா குறைவாக உள்ளவர்கள் படங்கள் தானாக இறங்காதபடி போனை வைத்திருப்பார்கள். அவர்களுக்கு அறிவித்தல் மங்கலான ஒரு சதுரமாகத்தான் தெரியும். தெளிவாகத் தெரிவது கீழே உள்ள வரி மட்டும். "எல்லோரும் வாங்கோ 🎫🎫🎫" என்று அந்த வரி இருந்தால், மங்கலான படத்துக்குள் "அனுமதி இலவசம்" என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தும் அவர்களுக்கு அது போய்ச் சேராது.

ஒரு நாடகத்துக்கு இப்படித்தான் நடந்தது. ரீலோட் போட வந்த ஒரு ஆச்சி போனை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, உந்த நாடகத்துக்குத் துண்டு எவ்வளவு? எங்கட வீட்டில அஞ்சு பேர்."

"காசு இல்லை ஆச்சி. சும்மா போகலாம்."

"அப்ப ஏன் துண்டுப் படம் போட்டிருக்கினம்?"

என்னிடம் பதில் இல்லை. போட்டவர்களிடமும் இருந்திருக்காது. நிகழ்ச்சி என்றால் அந்தப் படம் போட வேண்டும் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆச்சி கேட்டபடியால் அறிந்துகொண்டார். கேட்கக் கூச்சப்பட்டவர்கள் எத்தனை வீட்டில் இருந்திருப்பார்கள்? எங்கள் பக்கத்தில் கையில் காசில்லை என்று சொல்வதை விட, வயலில் வேலை இருந்தது, அதனால் வரவில்லை என்று சொல்வது லேசு. அப்படிச் சொன்ன சிலரை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நாட்களில் அவர்களுக்கு வயலில் ஒரு வேலையும் இருக்கவில்லை.

வன்னியில் விழா என்றாலே திறந்த வெளி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலை நினைத்துப் பாருங்கள். வைகாசி விசாகத்தை ஒட்டி வருகிற அந்தப் பொங்கலுக்குப் பாக்குத்தெண்டல் என்ற சடங்கில் தொடங்கி, முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கேற்றி, பிறகு வற்றாப்பளைக்குப் போகும் அந்த ஒழுங்கு முழுவதிலும் வாசலில் நின்று யாரையும் நிறுத்தும் ஆள் கிடையாது. நாலு மாவட்டத்துச் சனமும் வரும். கால்நடையாய் வருவார்கள், உழவு இயந்திரப் பெட்டியில் குடும்பம் குடும்பமாய் வருவார்கள். ஆகஸ்ட் 15இல் மடு மாதாவின் திருவிழாவும் அப்படியே. தமிழரும் சிங்களவரும் மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து நாட்கணக்கில் தங்குவார்கள். சிந்துநடைக் கூத்து என்றால் இன்னும் எளிது. பொழுதுபட்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் மணலில் விரித்தால் அது உங்கள் இடம். பிள்ளைகள் நடுச்சாமத்தில் அந்தப் பாயிலேயே தூங்கிவிடுவார்கள், விடியும்போது கூத்தின் கடைசிக் காட்சிக்கு எழுப்பிவிடுவோம்.

இந்த விழாக்களுக்கு அழைப்பு என்பது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஊருக்குள் ஒரு சுற்று வருவது. இல்லையென்றால் வீட்டுக்கு வீடு போய் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்வது. அழைக்கிறவர் கையை நீட்டித் தருகிறார், அழைக்கப்படுகிறவர் வாங்கிக்கொள்கிறார். டிக்கெட்டில் இந்த ஓட்டம் தலைகீழாகிறது. வருகிறவர்தான் முதலில் கொடுக்க வேண்டும். எங்கள் வயதானவர்கள் அந்தப் படத்தைப் பார்த்ததும் முதலில் யோசிப்பது கொடுப்பதைப் பற்றித்தான். அது அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். படத்தைச் சரியாகப் படிப்பவர்கள் அவர்கள்தான்.

இன்னொரு காரணமும் உண்டு, இது கொஞ்சம் கனமானது. வன்னியில் நாற்பது வயதைத் தாண்டிய யாருக்கும் கையில் ஒரு தாள் துண்டு இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்று தெரியும். போர் நடந்த ஒரு காலத்தில் வன்னியை விட்டு வெளியே போக அப்போதிருந்த நிர்வாகத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். வவுனியாவுக்குள் போய்ச் சேர்ந்தால் அங்கே இன்னொரு பாஸ். நாள் பாஸ், கிழமை பாஸ், மாத பாஸ் என்று அதில் தரங்கள் இருந்தன. நாள் பாஸில் போனவர் பொழுதுபடும் முன் திரும்ப வேண்டும், சொந்தத் தங்கை வீட்டில் ஒரு இரவு தங்க முடியாது. யாழ்ப்பாணத்தை வன்னி வழியாகத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்தது, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது. பிறகு நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. அதையெல்லாம் கடந்து முகாமுக்கு வந்த பிறகும் வரிசை, பதிவு, அட்டை. நிவாரணத்துக்கு ஒரு அட்டை, வீட்டுத்திட்டத்துக்கு ஒரு படிவம், ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு. பிறகு 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கியூஆர் கட்டம். போனில் அதை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் எங்கள் கடைக்கு வந்து அச்சடித்து, நனையாதபடி லமினேட் செய்து கொண்டுபோனார்கள். ஒரு அப்பு அதைச் சட்டைப்பையில் வைத்து மேலே தட்டிப் பார்த்துக்கொண்டே போனது இப்போதும் நினைவிருக்கிறது.

இப்படி வாழ்ந்தவர்களுக்கு டிக்கெட் படம் சொல்லும் செய்தி ஒன்றுதான். இது இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் போக முடியாது. அதை ஒரு வாசிகசாலை ஆண்டு விழா அறிவித்தலில் அழகுக்காகப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காக இந்தப் படத்தின் மேல் எனக்கு வெறுப்பு என்று நினைக்க வேண்டாம். டிக்கெட் என்ற பொருளை எனக்கு நிரம்பப் பிடிக்கும். வடக்குக்கான ரயில் 1990இல் நின்றது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் ஓடியது. எங்கள் பக்கத்துக்கு மாங்குளம்தான் கிட்டிய நிலையம். அங்கே முதன்முதலில் வாங்கிய டிக்கெட், விரல் நீளத் தடித்த அட்டைத் துண்டு. அந்த அட்டை முறை 1830களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தோமஸ் எட்மண்ட்சன் என்ற ரயில் நிலைய அதிபர் கண்டுபிடித்தது. அதற்கு முன் ஒவ்வொரு பயணிக்கும் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை எண்ணோடு முன்கூட்டியே அச்சடித்து, விற்கும்போது திகதியை மட்டும் பதித்துக் கொடுக்கும் அவருடைய வழி உலகம் முழுவதும் பரவியது. அகலம் 57 மில்லிமீற்றர், உயரம் 30.5. போனில் உள்ள டிக்கெட் படத்தில் பெரும்பாலும் ஓரங்களில் பல்போல வெட்டும், கிழிக்கும் கோடும் இருக்கின்றன. எங்கள் ரயில் டிக்கெட்டில் இவை இரண்டும் இல்லை. பஸ்ஸில் இயந்திரம் துப்பும் மெல்லிய தாளுக்கும் அந்தப் படத்துக்கும் இன்னும் தூரம். அந்தத் தாளின் எழுத்து சில நாளிலேயே மங்கிவிடும். ஆனாலும் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் எங்கள் ஆட்கள் 🎫 போடுகிறார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. அங்கே காசு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

மின்சாரம் இல்லாத காலத்தில் ஜெனரேட்டரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் காட்டினார்கள். தட்டி வாசலில் ஒருவர் கதிரை போட்டு இருந்து காசு வாங்குவார். டிக்கெட் என்று எதுவும் தரமாட்டார், முகத்தை நினைவில் வைத்துக்கொள்வார். இடையில் வெளியே போய் வந்தவரிடம் அவர் திரும்பக் காசு கேட்டதில்லை. காசு கொடுக்க முடியாத பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதையும் அவர் விரட்டியதில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன், எங்கள் ஊரில் அப்படி.

இப்போது இந்தப் படம் எங்கள் இளையவர்களிடம் இன்னொரு வேலை செய்கிறது. இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். யூனிகோட் இதை நிகழ்வுகளோடு வைத்திருக்கலாம். வன்னியில் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 🎫✈️ என்று ஒருவர் போட்டால், அவர் வெளிநாடு போகிறார் என்று பொருள். வேறு ஒரு வார்த்தையும் இருக்காது. எந்த நாடு, எந்தத் திகதி, எத்தனை லட்சம் கடன் என்று எதுவும் இருக்காது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இப்படி நிறையப் பார்க்கிறேன். எங்கள் கடையில் கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்த முகங்கள், சில மாதங்களில் இந்த இரண்டு எமோஜிகளாக என் போனில் வரும். காலையில் ஸ்டேட்டஸைத் தட்டிக்கொண்டு போகும்போது அதைக் கண்டால் அந்த நாள் முழுக்க மனம் அதிலேயே நிற்கும்.

ஏன் சொல்லில் எழுதாமல் படத்தில் போடுகிறார்கள் என்று ஒரு பொடியனிடம் கேட்டேன். "சொன்னா எல்லாரும் கேள்வி கேப்பினம் அண்ணை. இது தெரிஞ்சவைக்கு மட்டும் விளங்கும்" என்றான். போகும் வரை கண்ணூறு பட்டுவிடக் கூடாது, விசா கடைசி நேரத்தில் குழம்பிவிடக் கூடாது, ஆனால் நண்பர்களுக்குச் சொல்லாமல் போகவும் மனமில்லை. இத்தனையையும் அந்தச் சின்னப் படத்தில் அடக்கிவிட்டான். இந்த உபயோகத்தை நான் மதிக்கிறேன். இங்கே படம் மறைக்க வேண்டியதை மறைத்து, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறது. தனி மனிதர் ஒருவர் தன் கதையை அப்படி வைத்துக்கொள்ள உரிமை உண்டு. பொது அறிவித்தலுக்கு அந்த உரிமை இல்லை. அது தெரிந்தவர்களுக்கு மட்டும் விளங்கினால் போதாது.

அப்புறம் அதிர்ஷ்டலாபச் சீட்டு. பாடசாலைக்குச் சுற்றுமதில் கட்ட, கழகத்துக்குப் பந்து வாங்க, கோயில் கூரை போட என்று டிக்கெட் புத்தகம் அடித்து விற்பது இங்கே பழைய வழக்கம். இதற்கு 🎟️ போடுவது பொருத்தம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து, நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்று சொல்லி இந்த இரட்டை டிக்கெட்டை வரிசையாக அடுக்கி வரும் செய்திகளைத் தொடாதீர்கள். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது.

டிக்கெட் வைத்து நிகழ்ச்சி நடத்துவதே தவறு என்றும் நான் சொல்லவில்லை. ஒரு கூத்தை மேடையேற்ற என்ன செலவாகும் என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் கேட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் இரவிரவாக ஒத்திகை. உடுப்பு, ஒப்பனை, மத்தளம், ஆர்மோனியம், ஒலி, ஒளி, மேடைப் பலகை. ஆடுகிறவர்கள் பகலில் வயலிலோ கடலிலோ வேலை செய்துவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு ஒரு தேநீர்ச் செலவாவது கிடைக்க வேண்டும் என்று கழகம் காசு அறவிட்டால் நான் முதல் ஆளாக வாங்குவேன். கலைஞனுக்குக் காசு கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் யாரிடம் அறவிடுகிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்பது அறிவித்தலிலேயே தெரிய வேண்டும்.

தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த பெரிய இசை நிகழ்ச்சி எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வான் பிடித்துப் போனவர்கள் நிறையப் பேர். காசு கொடுத்தவர்களின் பகுதியும் இலவசப் பகுதியும் தடுப்புகளால் பிரிக்கப்பட்டிருந்தன. இலவசப் பகுதியில் நின்ற கூட்டம் தடுப்புகளைத் தாண்டி முன்னே வந்தது, நிகழ்ச்சி தடைப்பட்டது. அடுத்த நாள் முழுக்க இளைஞர்களுக்கு ஒழுக்கமில்லை என்று திட்டித்தான் எல்லோரும் எழுதினார்கள். அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருவர் என்னிடம் சொன்னது வேறு. இலவசம் என்றால் இவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பது என்று அவர் நினைத்திருக்கவே இல்லை. இது அந்தத் தள்ளுமுள்ளை நியாயமாக்காது, பிள்ளைகளும் பெண்களும் அதில் அகப்பட்டார்கள். ஆனால் காசு கொடுத்தால் எங்கே, கொடுக்காவிட்டால் எங்கே என்பதைப் படமும் எழுத்துமாக முன்பே விளக்கியிருந்தால், அந்த மனிதர் வான் பிடிப்பதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்திருப்பார்.

இந்த விஷயத்தில் எனக்கு அதிகம் கற்றுத்தந்தவர் எங்கள் பக்கத்து ஊர் அண்ணர் ஒருவர். போரில் இரண்டு கண்ணையும் இழந்தவர். போனைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டுத்தான் பயன்படுத்துகிறார். எமோஜி வந்தால் அது படத்தின் பெயரை வாசிக்கும். மூன்று டிக்கெட் போட்டால் டிக்கெட், டிக்கெட், டிக்கெட் என்று மூன்று முறை வாசிக்கும். மொழி அமைப்பைப் பொறுத்து அந்தப் பெயர் ஆங்கிலத்திலும் வரும். தமிழ் வசனத்துக்கு நடுவில் திடீரென்று ஆங்கிலம் பேசிவிட்டுப் போகும். படமாக அனுப்பிய அறிவித்தலில் அவருக்கு ஒன்றுமே இல்லை. "புகைப்படம்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

ஒருமுறை நான் தட்டிய அறிவித்தலை அவரிடம் அனுப்பிக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "தம்பி, வசனத்துக்கு நடுவில படம் வையாத, கதை முறியுது. வரி முடிஞ்ச பிறகு ஒண்டே ஒண்டு வை. காசு விஷயத்தை வாயால சொல்லுற மாதிரி எழுது" என்றார். அவர் சொன்னது கண் தெரியாதவருக்கு மட்டும் பொருந்துவதாக எனக்குப் படவில்லை. கண்ணாடி இல்லாமல் போனைத் தூரப் பிடித்துப் பார்க்கும் ஆச்சிக்கும், டேட்டா இல்லாமல் கடைசி வரியை மட்டும் பார்க்கும் தோட்டக்காரருக்கும் அதுவே வேண்டும்.

ஆகவே கடைக்கு வருகிறவர்களிடம் இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன், காசு உண்டா என்று. இல்லை என்றால் டிக்கெட் படத்தை எடுத்துவிடச் சொல்லி, கூத்துக்கு 🎭, பாட்டுக்கு 🎶, பந்துக்கு ⚽ என்று வேறு ஒன்றைப் போட்டுத் தருகிறேன். உண்டு என்றால் படத்தை வைத்து, தொகையை எண்ணில் எழுதி, யாருக்குக் காசு இல்லை என்பதையும் எழுதுகிறேன். பாமினியில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றி, எழுத்தாகவும் ஒரு பிரதி கொடுத்துவிடுகிறேன். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, பிறகு ஒருமுறை வாசித்து எழுத்துப்பிழை திருத்தினால் போதும். சில பொடியங்களுக்கு இது பிடிப்பதில்லை. "ரிக்கெற் போட்டாத்தான் அண்ணை பெரிய நிகழ்ச்சி மாதிரி இருக்கும்" என்கிறார்கள். அவர்கள் ஆசை எனக்கு விளங்குகிறது. கொழும்பிலும் சென்னையிலும் நடக்கும் நிகழ்ச்சிகளின் அறிவித்தல்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். தங்கள் ஊர் நிகழ்ச்சியும் அந்த எடுப்போடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதற்கு நல்ல எழுத்துரு இருக்கிறது, நல்ல நிறம் இருக்கிறது, ஒத்திகையில் எடுத்த ஒரு நல்ல படம் இருக்கிறது. அவற்றில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவர்களோடு இருந்து செய்து கொடுக்கிறேன்.

போன கிழமை ஒரு கழகம் கூத்துக்கு அறிவித்தல் அடிக்க வந்தது. முன்வரிசையில் கதிரை போட்டு அதற்கு மட்டும் காசு, மற்றதெல்லாம் திறந்த வெளி. இப்படி எழுதினோம்:

"கதிரைக்கு 200 ரூபா. 🎫
பாய் கொண்டுவந்து இருப்பவர்களுக்குக் காசு இல்லை.
சிறுவர்களுக்குக் கதிரைக்கும் காசு இல்லை."

எழுத்துப்பிரதியைக் குழுக்களுக்கு அனுப்புவதற்கு முன் கழகச் செயலாளர் திரும்பி வந்து, பாய் வரியை மேலே போட்டுக் கதிரை வரியைக் கீழே இறக்கச் சொன்னார். மாற்றிக் கொடுத்தேன்.